தெற்குச் சிலுவை: அஞ்சல் சுமந்த பறக்கும் படகை பால்சா மரத்தில் செய்வது எப்படி?

பிரெஞ்சு விமானி ழான் மெர்மோஸ் ஓட்டிய ‘தெற்குச் சிலுவை’ என்ற லத்தேகோயர் 300 இது; தண்ணீரிலிருந்து எழுந்து தண்ணீரிலேயே இறங்கும் விமானம். செனகலின் செயின்ட் லூயியிலிருந்து பிரேசிலின் நட்டால் வரை அட்லாண்டிக்கை 1934 ஜனவரி 3இல் தாண்டியது. அதுவரை பிரெஞ்சு விமான அஞ்சலுக்கு அந்தக் கடலைக் கடக்க வழக்கமாகக் கப்பல்தான் கதி.

அளவு 1:100. இறக்கை 44 செ.மீ., உடல் 26 செ.மீ.

உடலுக்கு பால்சா பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்குங்கள். அடியில் நடுவே ஒரு படி வெட்ட மறக்க வேண்டாம். தண்ணீரின் பிடியிலிருந்து படகு விடுபட்டு எழ உதவுவது அதுதான்.

இறக்கை நுனியில் மிதவை கிடையாது. உடலின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைத் துடுப்புகளே படகைச் சாயாமல் தாங்கும். இரண்டையும் உடலுக்குக் குறுக்கே செல்லும் ஒரே பலகையில் வெட்டினால் உயரம் பிசகாது.

இனி எஞ்சின்கள். நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். 650 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஹிஸ்பானோ-சூசா எஞ்சின்கள், இறக்கைக்கு மேலே இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கும். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். ஒவ்வொரு ஜோடியையும் ஒரே கட்டையில் செதுக்குங்கள். தனித்தனியாகச் செய்து ஒட்டினால் நேர்கோடு தவறிவிடும். கிராஃப் தாளில் இரண்டு இணைகோடுகள் போட்டு, இறக்கையை அதன்மேல் குண்டூசியால் நிறுத்தி, மேலிருந்து பார்த்தபடியே கட்டைகளைப் பொருத்துங்கள். உடனே பிடித்துக்கொள்ளும் பசை இங்கே வேண்டவே வேண்டாம். வெள்ளைப் பசைதான் என் தேர்வு. காய்வதற்குள் அசைத்துச் சரிசெய்யலாம். ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

வலப்பக்கப் பின் எஞ்சினுக்கு நான் கூடுதல் நேரம் கொடுப்பேன். 1936 டிசம்பர் 7 அன்று டக்காரிலிருந்து புறப்பட்ட விமானம், அந்த எஞ்சினை நிறுத்துவதாகச் செய்தி அனுப்பியதோடு மௌனமானது. மெர்மோஸும் உடன் சென்ற நால்வரும் திரும்பவில்லை.

கடைசியாக, இறக்கையை உடலுக்கு மேலே நடுத்தூணில் ஏற்றி, துடுப்புகளிலிருந்து சாய்வுக் கம்பிகள் கொடுங்கள். மூங்கில் குச்சியைச் சீவினால் போதும், பிளாஸ்டிக்கைவிட உறுதி.

பிற்சேர்க்கை: தொட்டியில் விட்டால் கவிழ்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எஞ்சின்களின் கனமெல்லாம் உச்சியில் இருப்பதால்தான் அப்படி. உடலைக் குடைந்து, இறக்கைக்கு நேர்கீழே அடிப்பகுதியில் தூண்டில் ஈயக்குண்டுகளை வையுங்கள். மூடி ஒட்டுமுன் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள், பால்சா தண்ணீரைக் குடிக்கும்.