மதுரையில் ரூம் போடும்போது செய்யும் தவறுகள்

மதுரையில் இறங்கி “நல்ல ஓட்டல் எங்கே?” என்று கேட்டால் இட்லிக் கடையைத்தான் காட்டுவார்கள். தங்க இடம் வேண்டுமென்றால் லாட்ஜ் என்று கேட்க வேண்டும். ஆனால் லாட்ஜா, நட்சத்திர ஓட்டலா என்று முடிவு செய்வதில் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியவன்தான்.

அப்பா அம்மாவை மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வயதானவர்கள், வசதியாக இருக்கட்டும் என்று ஊருக்கு வெளியே பெரிய ஓட்டலாகப் பார்த்துப் பணம் கட்டினேன். இரவு ரயில், விடிவதற்குள் மதுரை. ஓட்டலில் போய் நின்றால், “செக்-இன் ரெண்டு மணிக்குத்தான் சார்” என்றார்கள், சிரித்த முகத்தோடு. “குளிக்காம எப்படிப்பா கோயிலுக்குப் போறது?” என்று அம்மா சோபாவில் உட்கார்ந்தபடி கேட்டார். கடைசியில் அரை நாள் வாடகையைக் கூடுதலாக அழுதேன்.

ஸ்டேஷன் பக்கம் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் பல லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை 6 மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை 6 வரை அறை உங்களுடையது. அதனால் வாடகையைக் கேட்கும் முன் செக்-இன் நேரத்தைக் கேளுங்கள். இன்னொன்று, மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். பக்கத்தில் அறை இருந்தால் நடந்து வந்து கொஞ்சம் படுத்து எழலாம். தூரத்தில் இருந்தால் ஆட்டோவுக்கே ஒரு தொகை போய்விடும்.

‘காலைச் சாப்பாடு இலவசம்’ என்பதில் மயங்குவது அடுத்த தவறு. பஃபேயைத் திறக்கும் நேரத்தில் நீங்கள் சன்னதியில் நிற்பீர்கள். அப்புறம், மதுரைக்கு வந்துவிட்டு இட்லியை ஓட்டலுக்குள்ளேயே சாப்பிடுவானேன்?

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. வாடகை 7,500 என்றால் பில் 7,875. வெறும் நூறு ரூபாய் கூடி 7,600 ஆனால் பில் 8,968! இந்த எல்லையில் இருக்கும் அறைக்குக் கொஞ்சம் பேரம் பேசினால் ஆயிரத்துக்கு மேல் மிச்சம்.

சரி, லாட்ஜ்தான் என்று முடிவெடுத்தவர்கள் செய்யும் தவறு, படத்தைப் பார்த்தே முழுப் பணத்தையும் கட்டுவது. செயலிகளில் தெரியும் நட்சத்திரங்கள் எல்லாம் சுற்றுலா அமைச்சகம் தந்தவை அல்ல. முதலில் போன் போட்டுக் கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீர் எத்தனை மணி வரை, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா? முட்டிவலிக்காரர்களுக்கு முதல் இரண்டு கேள்விதான் முக்கியம். நேரில் போனதும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து, ஃப்ளஷ்ஷை அழுத்தி, கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். ஜன்னலையும் திறந்து பாருங்கள். சில ஜன்னல்கள் அடுத்த கட்டடத்தின் சுவரைத்தான் காட்டும். பினாயில் வாடை தூக்கலாக இருந்தால் நான் வேறு அறை கேட்பேன்.

விமானத்தில் மதியம் வந்து, பிள்ளைகளோடு நாள் முழுக்க நீச்சல் குளத்தில் கிடக்கப் போகிறீர்களா? அப்படியானால் பெரிய ஓட்டலே சரி. மீனாட்சியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.