இளம் நட்சத்திரம் அணியில் நீடிப்பாரா என்று கணிப்பது எப்படி?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் தொடர்ந்து தோற்கும் ஓர் அணியின் இளம் நட்சத்திரம் நீடிப்பாரா என்று வாதிடும் ரசிகர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய ஒப்பந்தத்தைத்தான். அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டின் முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் தொடக்க ஒப்பந்தம் 4 ஆண்டுகள் வரை நீளும். அது முடிந்தபின் வேறோர் அணி எவ்வளவு தர முன்வந்தாலும், அதே நிபந்தனைகளை ஏற்று அவரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாகப் பழைய அணிக்கு உண்டு என்பதால், இந்தக் கட்டத்தில் எழும் அச்சம் பெரும்பாலும் வீண். 2023-24 பருவத்தில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, வெறும் 14 வெற்றிகளோடு முடித்த டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியிலேயே கேட் கன்னிங்ஹாம் 2024-இல் மேலும் 5 ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார்.

உண்மையில் கூர்ந்து நோக்க வேண்டியது இரண்டாவது ஒப்பந்தத்தின் நீளத்தை. 2006-இல் குறுகிய ஒப்பந்தத்தையே ஏற்று, கடைசி ஆண்டில் விலகும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்ட லெப்ரான் ஜேம்ஸ், 2010-இல் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குச் சென்றார். நீண்ட ஒப்பந்தமும் முழு உத்தரவாதமன்று: 2015-இல் 5 ஆண்டு நீட்டிப்புக்கு ஒப்புக்கொண்ட ஆந்தனி டேவிஸ், 2019 ஜனவரியிலேயே தன்னை வேறு அணிக்கு மாற்றுமாறு நியூ ஆர்லியன்ஸிடம் கேட்டு, அந்தக் கோடையில் லேக்கர்ஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். ஆகவே ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே, நிர்வாகம் தன் இளம் நட்சத்திரத்தைச் சுற்றி எத்தகைய வீரர்களைச் சேர்த்திருக்கிறது என்று அலசத் தொடங்குங்கள். நேர்காணலில் அவர் ஊரைப் புகழ்ந்தாரா என்பதற்கு நான் எந்த எடையும் தருவதில்லை.