சிட்னியில் முதல் வீடு வாங்குமுன்: உங்கள் பெயர் வேறு எந்த வீட்டிலும் ஏறியிருக்கிறதா?

நியூ சவுத் வேல்ஸில் முதல் வீடு வாங்குகிறவருக்கு மாநில அரசிடமிருந்து முக்கியமாக இரண்டு உதவி உண்டு. ஒன்று முத்திரை வரிச் சலுகை. வீட்டின் விலை 800,000 டொலர் வரை என்றால் வரியே இல்லை, அதற்கு மேல் 1,000,000 டொலருக்குள் என்றால் குறைத்துக் கட்டலாம். மற்றது 10,000 டொலர் மானியம், அது புது வீட்டுக்கு மட்டும். கட்டி முடித்ததை வாங்கினால் 600,000 டொலருக்குள், காணி வாங்கிக் கட்டினால் எல்லாம் சேர்த்து 750,000க்குள் இருக்க வேண்டும். சிட்னி விலைக்கு அது பலருக்கு எட்டாது, அதனால் முத்திரை வரியைத்தான் கவனமாகப் பாருங்கள். வாங்குபவர்களில் ஒருவராவது பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) அல்லது குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும், 12 மாதத்துக்குள் குடிபோய்த் தொடர்ந்து 12 மாதம் இருக்க வேண்டும். படிவங்களைக் கொன்வேயன்சர், அதாவது வீடு கைமாறும் சட்ட வேலையைச் செய்பவர், பார்ப்பார். முன்பு எப்போதாவது வீடு வைத்திருந்தீர்களா என்றும் கேட்பார்கள். ஊரில் வீடு வளவு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், கேட்பது அவுஸ்திரேலியாவில் இருக்கும் வீட்டை மட்டும்தான்.

அந்தக் கேள்வியில்தான் நான் மாட்டினேன்.

அப்போது நான் இங்கே வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அக்காவும் அத்தானும் வீடு வாங்க ஓடித் திரிந்த நேரம், ஒரு சம்பளத்துக்கு வங்கி கடன் தரவில்லை. "உன்ர பெயரையும் போட்டால் லோன் வரும், நீ ஒரு சதமும் கட்டத் தேவையில்லை" என்றார் அத்தான். வந்த நாள் முதல் அறை தந்து சாப்பாடு போட்டு, வேலையும் தேடித் தந்தவர், அவரிடம் எப்படி மாட்டேன் என்பது? கையெழுத்து வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டிய கட்டு ஒன்று சாப்பாட்டு மேசைக்கு வந்தது. அக்காவின் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டே மஞ்சள் கண்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கடனில் பெயர் இருப்பது வேறு, டைட்டிலில், அதாவது வீட்டின் உரிமைப் பதிவில், பெயர் ஏறுவது வேறு என்று தரகரும் சொல்லவில்லை, கடதாசி தயாரித்தவரும் சொல்லவில்லை. காசு வாங்கிச் செய்கிற வேலையில் அந்த ஒரு வசனத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் போயிருக்கும்? இன்னும் கோபம் ஆறவில்லை.

பிறகு கலியாணமாகி மனைவி வந்து, இரண்டு பேரும் இரவு வேலையும் செய்து சேர்த்து, 2024இல் வென்ட்வேத்வில்லில் 780,000 டொலருக்கு ஒரு யூனிட் பார்த்தோம். முத்திரை வரி இல்லை என்ற கணக்கில் டிப்போசிட் கட்டினோம், ஒப்பந்தத்திலிருந்து விலகக்கூடிய கூலிங் ஓஃப் ஐந்து வேலை நாளும் கடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சலுகைப் படிவம் வந்தது. நீங்களோ உங்கள் கணவன் அல்லது மனைவியோ அவுஸ்திரேலியாவில் எப்போதாவது தனியாகவோ கூட்டாகவோ குடியிருப்பு வீடு வைத்திருந்தீர்களா என்று அதில் இருந்தது. நான் அந்த வீட்டுக்கு ஒரு சதமும் கட்டவில்லை என்பதெல்லாம் எடுபடாது. என் பெயர் இருந்ததால் மனைவிக்கும் சலுகை இல்லை. கிட்டத்தட்ட 30,000 டொலர். அவள் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் எடுத்து மேசையில் வைத்ததை நான் மறக்க மாட்டேன். நகையை விற்கவில்லை, கடன் வாங்கிக் கட்டி முடித்தோம்.

"இல்லை" என்று போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. செய்யாதீர்கள். காணிப் பதிவில் பெயர் கிடக்கிறது, பிடித்தால் வரியோடு வட்டியும் தண்டமும் வரும்.

விலையில் 5 வீதம் மட்டும் டிப்போசிட் போட்டு முதல் வீடு வாங்க விடும் மத்திய அரசின் திட்டம் வேறு மாதிரி. அதில் கடந்த பத்து வருடத்துக்குள் இங்கே சொத்து வைத்திருக்காவிட்டால் போதும். மாநில முத்திரை வரிச் சலுகையில் "எப்போதாவது" என்றால் எப்போதாவதுதான்.

சொந்தக்காரர் கேட்டால், பிணை நிற்கிறேன், டைட்டிலில் பெயர் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிணையிலும் ஆபத்து உண்டு, அவர்கள் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும், ஆனால் அது வீட்டுச் சொந்தமாகாது. ஏற்கெனவே எங்காவது கையெழுத்துப் போட்டிருந்தால், ஒப்பந்தத்துக்கு முன்பே கொன்வேயன்சரிடம் டைட்டில் தேடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை இங்கே, பெண் ஊரில் என்று கலியாணம் பேசுகிறவர்களும் இதைக் கேட்டு வையுங்கள்.

அத்தான் வீட்டில் என் பெயர் இன்னும் இருக்கிறது. எடுப்பதென்றால் என் பங்குக்கு இன்றைய விலையில் முத்திரை வரி கட்ட வேண்டும், வங்கியும் கடனைப் புதிதாக எழுத வேண்டும். எடுத்தாலும் போன சலுகை திரும்பாது.