பெர்லில் 41 வரிசை, உள்ளே ஒன்றுமில்லை

பெர்ல் என்ற நிரல்மொழியில் படிக்க மதிப்பெண் கோப்பு ஒன்று. 40 மாணவர், ஆளுக்கு ஒரு வரி, நடுவே கமா. ஒவ்வொரு வரியையும் சோம்ப் செய்து (கடைசியிலுள்ள வரி முறிவை நீக்கி), கமாவில் ஸ்ப்ளிட் பண்ணி (துண்டாக்கி) @வரி என்ற அரேயில் (பட்டியலில்) போட்டு, அதன் ரெஃபரன்ஸை (அரே இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை), அதாவது \@வரி, @எல்லாம் என்ற பெரிய அரேக்குள் புஷ் செய்தேன், அதாவது கடைசியில் சேர்த்தேன். ஓட்டினால் எண்ணிக்கை 41. உள்ளே ஒன்றிலும் எதுவும் இல்லை.

கோப்பு சரியாகத் திறக்கவில்லையோ என்று ஒரு நாள் போனது. கமாவைச் சந்தேகித்து இன்னொரு நாள். தவறுகளைச் சுட்டும் ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் இரண்டும் போட்டிருந்தும் பெர்ல் வாயே திறக்கவில்லை.

அந்த 41தான் உறுத்தியது. பார்த்தால், கோப்பின் கடைசியில் ஒரு வெற்று வரி. அதை அழித்ததும் 40 ஆனது. ஆனால் நாற்பதிலும் கடைசி மாணவரின் மதிப்பெண்ணே! அப்புறம்தான் @எல்லாம் அரேயை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். நாற்பது இடத்திலும் ஒரே ஹெக்ஸ் முகவரி, அதாவது நினைவகத்தில் ஒரே இடம்.

@வரியை, கோப்பை வரி வரியாகப் படிக்கும் வைல் லூப்புக்கு வெளியே அறிவித்திருந்தேன். இருந்தது ஒரே அரே. அதையே நாற்பது முறை சுட்டியிருக்கிறேன். கடைசியில் படித்த வரி எதுவோ அதுதான் எல்லாவற்றிலும் தெரியும். 'மை @வரி' என்ற அறிவிப்பை அந்த லூப்புக்குள் நகர்த்தினேன், தீர்ந்தது. இடத்தை மாற்றாமல் [@வரி] என்று சதுர அடைப்புக்குள் வைத்துப் புஷ் செய்தாலும் புதுப் பிரதி கிடைக்கும். வெற்று வரியைத் தாண்ட ஒரு நெக்ஸ்ட்டும் சேர்த்துவிட்டேன்.