முதல் ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் முறை: கொழும்பு மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ஒரு நூலக மேசையில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து வாசிப்பது என் வழக்கம். முதல் நாள் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கட்டோடுதான் வருவார்கள். பத்துப் பதினைந்து கட்டுரைகளின் போட்டோ கொப்பி இருக்கும். ஒவ்வொன்றிலும் முதலிரண்டு பக்கங்கள் முழுவதும் மஞ்சள் கோடு, மூன்றாம் பக்கத்திலிருந்து வெறும் வெள்ளைத் தாள். முயற்சி குறைந்ததனால் அப்படி ஆகவில்லை. கதைப் புத்தகத்தை வாசிப்பதுபோல முதல் வரியிலிருந்து தொடங்கி, ஆங்கிலமும் கலைச்சொற்களும் சேர்ந்து வழிமறித்த இடத்தில் அவர்கள் நின்றுவிட்டார்கள்.

மருத்துவம், பௌதிகவியல், மொழி கற்பித்தல், சமூக வரலாறு என்று துறை எதுவாயினும், "இது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்ற ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால் வழி திறக்கும் என்பது என் அனுபவம். அந்தக் கேள்விக்குரிய விடை கட்டுரையின் எந்த இடத்தில் இருக்கும் என்பதுதான் துறைக்குத் துறை மாறுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

கட்டுரையைத் திறப்பதற்கு முன், நீங்கள் தேடுவது என்ன என்பதைத் தமிழில் ஒரே வரியில் எழுதுங்கள். "மலேரியா பற்றி" என்பது தலைப்பு மட்டுமே. "1934-35 மலேரியாக் கொள்ளைநோய் வழக்கமாக மலேரியா குறைவாக இருந்த பகுதிகளைக் கடுமையாகத் தாக்கியது ஏன்?" என்பது கேள்வி. இப்படி எழுதியவுடனேயே எந்தக் கட்டுரை தேவை, எது தேவையில்லை என்பது பாதி தெளிந்துவிடும்: மழைவீழ்ச்சி, ஆற்று நீர்மட்டம், நுளம்பின் இனம் ஆகியவற்றைப் பேசும் கட்டுரைகள் உள்ளே வரும், புதிய தடுப்பூசியைப் பற்றியவை வெளியே போகும்.

படி 2: தேடுங்கள், ஆனால் அளவோடு

மருத்துவத்துக்குப் பப்மெட், பௌதிகவியலுக்கு 1991 முதல் இயங்கிவரும் ஆர்க்கைவ், எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகக் கூகுள் ஸ்கொலர் ஆகிய இணையத்தளங்கள் போதும். ஈழத்துத் தமிழ் ஏடுகளுக்கும் நூல்களுக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தைத் தவறவிடாதீர்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் தொடங்கிய தினகரன் போன்ற பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடுவோர் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். அங்கே போகும்போது அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். பழைய தாளுக்கு அருகில் பேனா மை ஆபத்தானது.

முதல் தடவையில் மூன்று கட்டுரைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். எடுத்த ஒவ்வொன்றும் பின்னர் மீளப்பெறப்பட்டதா, அதாவது நம்பத்தக்கதல்ல என்று சஞ்சிகையே விலக்கிக்கொண்டதா என்பதைச் சஞ்சிகையின் சொந்தப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஓட்டிசத்துடன் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை 12 பிள்ளைகளை மட்டுமே விவரித்தது. அந்தச் சஞ்சிகை அதை 2010இல் முழுமையாக மீளப்பெற்றது. ஆயினும் அதன் பழைய பிரதி இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது, பிரதியில் அந்தச் செய்தி இருக்காது.

படி 3: முதல் பத்து நிமிடம்

தலைப்பு, ஆய்வுச் சுருக்கம், பின்னர் நேரே அட்டவணைகளும் வரைபடங்களும், அதன் பிறகு முடிவுரையின் கடைசிப் பத்தி. இந்த வரிசையில் பாருங்கள். அறிமுகப் பகுதியைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் முந்தைய ஆய்வுகளைச் சுட்டி எழுதப்படுவதால், அந்த ஆய்வுகளை அறியாத புதியவருக்கு அதுதான் கட்டுரையிலேயே கடினமான பகுதி. மஞ்சள் கோடுகள் எல்லாம் அங்கேயே செலவாகிவிடுவதன் காரணமும் இதுவே.

நீளத்தைக் கண்டும் அஞ்சாதீர்கள். ஹிக்ஸ் துகளின் திணிவைப் பற்றி 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை 33 பக்கங்கள். அவற்றில் 24 பக்கங்கள் 5,154 ஆசிரியர்களின் பெயர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் உரியவை. வாசிக்க வேண்டியது ஒன்பது பக்கங்களே.

படி 4: ஓர் அட்டவணையை உங்கள் கையால் கணக்கிடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். மற்றவற்றை அவசரமாகச் செய்தாலும் இதை அவசரப்படுத்த வேண்டாம்.

தொடக்கநிலை மாணவருக்கு நான் முதலில் கொடுப்பது, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்பதைப் பரிசோதித்து 1948இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையைத்தான். ஆங்கிலம் எளியது, எண்கள் சிறியவை, மருத்துவ ஆய்வின் எலும்புக்கூடு முழுவதும் அதில் தெரியும். நோயாளர்கள் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்துக் குழுவில் 4 பேரும் மற்றக் குழுவில் 14 பேரும் இறந்திருந்தனர்.

கல்குலேட்டரை எடுங்கள். 4ஐ 55ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 வீதம். 14ஐ 52ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27 வீதம். ஒரு கட்டுரையில் உள்ள எண் உங்கள் கையாலும் அதே விடையைத் தரும்போது, அது வேறெங்கோ இருக்கும் பெரியவர்களின் சொத்து என்ற கூச்சம் போய்விடுகிறது. இதை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாணவர்களின் முகத்தில் பார்க்கிறேன்.

இனி நமது கேள்வி: இந்த வேறுபாடு மருந்தினால்தான் வந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? விடை முறையியல் பகுதியில் இருக்கிறது. யார் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதை வைத்தியர் தீர்மானிக்கவில்லை; எழுமாற்று எண்களைக் கொண்டு முன்கூட்டியே தீர்மானித்து முத்திரையிட்ட உறைகளில் வைத்திருந்தார்கள். வைத்தியர் தாமே தெரிவு செய்திருந்தால், பிழைக்கக்கூடியவரை மருந்துக் குழுவில் சேர்க்கும் எண்ணம் அவரையறியாமலே வந்திருக்கக்கூடும். நெஞ்சு எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கும் எந்தப் படம் எந்தக் குழுவுடையது என்று சொல்லப்படவில்லை. இவ்விரண்டு ஏற்பாடுகளையும் வேறு எந்த மருத்துவக் கட்டுரையில் கண்டாலும் ஓரத்தில் ஒரு குறி இடுங்கள். இல்லாவிட்டால், இல்லை என்பதையும் எழுதுங்கள்.

அதே கட்டுரை ஸ்ட்ரெப்டோமைசினுக்குக் கிருமிகள் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதையும் மறைக்காமல் சொல்கிறது. பின்னைய ஆண்டுகளில் இரு குழுக்களின் இறப்புகளுக்கும் இடையிலான இடைவெளி பெரிதும் சுருங்கியது. எனவே "ஆறு மாத முடிவில்" என்ற சொற்களை விட்டுவிட்டு அந்த எண்களை மேற்கோள் காட்டினால் எண் சரியாக இருந்தும் கூற்றுப் பிழையாகிவிடும்.

படி 5: அளவீடு எங்கே பிழைத்திருக்கக்கூடும் என்று தேடுங்கள்

பௌதிகவியல் மாணவர்கள் வழுவைச் சதம அளவுக்கும் கணக்கிடக் கற்றவர்கள். ஆனால் வழுவில் இரண்டு வகை உண்டு என்பதை ஆய்வுக்கூடப் பயிற்சிக் கொப்பி அழுத்திச் சொல்வதில்லை. ஒன்று, மீண்டும் மீண்டும் அளந்தால் குறைந்துகொண்டே போவது. மற்றது, எத்தனை முறை அளந்தாலும் அப்படியே இருப்பது: கடையில் தராசே பிழையென்றால், ஆயிரம் தடவை நிறுத்தாலும் நிறை சரியாகாதல்லவா?

2011 செப்டெம்பரில் ஒபேரா ஆய்வுக் குழு, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோவுக்கு ஏறத்தாழ 730 கிலோமீற்றர் பயணித்த நியூத்திரினோக்கள் என்னும் மிக நுண்ணிய துகள்கள் ஒளியைவிட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக அறிவித்தது. புள்ளிவிபர வழு மிகச் சிறியது. ஆனால், நேரக்கணிப்புக் கருவியுடன் இணைந்திருந்த ஒளியிழை வடம் ஒன்று சரியாக இறுக்கப்படாமல் இருந்ததை அடுத்த ஆண்டு அவர்களே கண்டறிந்து வெளியிட்டார்கள். அந்த விஞ்ஞானிகள்மீது எனக்கு மரியாதை உண்டு. தங்கள் முடிவைத் தாமே ஐயுற்று, மற்றவர்களையும் சரிபார்க்க அழைத்திருந்தார்கள். ஆகவே பௌதிகவியல் கட்டுரையில் "முறைசார் வழு" என்ற பொருளில் வரும் பத்தியை முதலில் தேடி, ஆசிரியர்கள் எவற்றைச் சரிபார்த்தார்கள் என்பதை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: அளந்தது எது என்று கேளுங்கள்

மொழி கற்பித்தல் ஆய்வுகளில் வடமும் கருவியும் இல்லை, அளவுகோல் பரீட்சைத்தாளே. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பாருங்கள். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 30 மாணவர்களுக்குப் புதிய முறையில் பத்து வாரம் தமிழ் கற்பிக்கிறோம். முன்பரீட்சையில் சராசரி 40, பின்பரீட்சையில் 58. முறை வெற்றி என்று எழுதிவிடலாமா? அதே பத்து வாரம் பழைய முறையில் கற்ற இன்னொரு வகுப்பு இல்லாதவரை, உயர்வு முறையால் வந்ததா, பத்து வாரப் பழக்கத்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

இன்னும் நுணுக்கமான கேள்வி ஒன்றுண்டு. "அவர்கள் வருகிறார்கள்" என்று அந்தப் பரீட்சையில் எழுதச் சொல்லியிருப்பார்கள். அதே மாணவன் புறக்கோட்டைக் கடையில் கேட்பது "அவங்க வாறாங்க" என்பது. எழுத்துத் தமிழில் 18 புள்ளி உயர்ந்தவன் பேச்சுத் தமிழில் ஒன்றும் விளங்காமல் நிற்கலாம். தமிழ் கற்பித்தல் பற்றிய எந்த ஆய்வை எடுத்தாலும், பரிசோதித்தது எந்தத் தமிழை என்பதைப் பின்னிணைப்பிலுள்ள வினாத்தாளைத் திறந்து நேரடியாகப் பாருங்கள். வினாத்தாள் இணைக்கப்படாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையுடன்தான் வாசிப்பேன்.

படி 7: வரலாற்றுக் கட்டுரையை அடிக்குறிப்பிலிருந்து வாசியுங்கள்

சமூக வரலாற்றுக் கட்டுரையில் முறையியல் என்ற தலைப்புப் பெரும்பாலும் இராது. அதன் இடத்தில் அடிக்குறிப்புகள் இருக்கும். முதலில் அவற்றை மட்டும் ஒரு முறை படித்து, ஆசிரியர் எந்த ஆவணங்களைக் கையால் தொட்டார், எவற்றை இன்னொருவரின் நூலிலிருந்து எடுத்தார் என்று இரண்டு நிரல்களில் பிரியுங்கள்.

பின்பு, ஆவணத்தை உண்டாக்கியவர் யார் என்று கேளுங்கள். இலங்கையின் முதலாவது முழுமையான குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. 1911 முதல் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனியே கணக்கிடப்பட்டனர். ஆகவே 1881இல் கொழும்பில் வாழ்ந்த தமிழர் தொகையையும் 1921இல் இருந்த இலங்கைத் தமிழர் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் வரைபடம் வரைந்திருந்தால், அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதி மனிதர்களுடையது, இன்னொரு பகுதி படிவத்தில் இருந்த கட்டத்தினுடையது.

இதில் நான் நேரடியாகப் பட்டிருக்கிறேன். மாணவனாக இருந்தபோது 1934-35 கொள்ளைநோயைப் பற்றிய என் குறிப்பில் "மலேரியாவால் இறந்தோர் 80,000" என்று எழுதியிருந்தேன். என் ஆசிரியர் அந்த வரியைத் தொட்டு, "மலேரியா என்று எழுதியது யார்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. கிராமங்களில் இறப்பைப் பதிந்தவர்கள் வைத்தியர்கள் அல்லர்; "காய்ச்சல்" என்று மட்டும் பதியப்பட்ட இறப்புகள் ஏராளம். வழக்கமான காலத்தில் எதிர்பார்க்கப்படும் இறப்புகளைவிட அந்த மாதங்களில் எவ்வளவு மேலதிகமாக நிகழ்ந்தன என்று கணித்தே ஏறத்தாழ 80,000 என்ற மதிப்பீடு கிடைக்கிறது. தென்மேல் பருவமழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்கி, அவற்றில் நுளம்பு பெருகியதைத் தொடர்ந்து வந்த பசியும் பலவீனமும் அந்த எண்ணுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்த செய்தியை வாசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வரிதான்.

படி 8: ஒரு பக்கக் குறிப்பு

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம், தமிழில், கட்டுரையை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். கலைச்சொல்லுக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஒலிபெயர்த்து எழுதி, அதன் பொருளை ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். விளக்க முடியாத சொல்லைச் சுற்றி வட்டமிடுங்கள். அடுத்த முறை ஆசிரியரைச் சந்திக்கும்போது கேட்க வேண்டியவை அவையே. என் கொப்பியிலிருந்து ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன்:

கேள்வி: ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் இறப்பைக் குறைக்குமா?
சொல்வது: ஆறு மாத முடிவில் 55இல் 4 இறப்பு, மருந்தில்லாக் குழுவில் 52இல் 14.
எப்படித் தெரிந்தது: எழுமாற்றுப் பகுப்பு, முத்திரையிட்ட உறை, குழு தெரியாமல் எக்ஸ்ரே வாசிப்பு.
எங்கே பிழைக்கலாம்: தொகை சிறியது, ஆறு மாதத்துக்குப் பின் என்ன ஆனது?
எண் எங்கிருந்து: மூலக் கட்டுரை, நானே கணக்கிட்டேன்.

கடைசி வரியை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். எண்ணை இன்னொருவரின் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தால் அதையும் அங்கேயே எழுதி, மூலத்தைத் தேட வேண்டிய நாளைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது வரியில் நீங்கள் எழுதிய கேள்விதான் அடுத்த கட்டுரையைத் தேடுவதற்குரிய சொல். அதை எடுத்துக்கொண்டு மீண்டும் படி 2க்குப் போங்கள்.