அயல்மொழிப் படங்களையும் சுயாதீனப் படங்களையும் விமர்சிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"படம் மெதுவாக நகர்கிறது" என்ற வரிதான் இத்தகைய விமர்சனங்களில் அதிகம் புழங்குகிறது. வாசகருக்கு மிகக் குறைவாக உதவுவதும் அதுவே. பெல்ஜிய இயக்குநர் சான்டால் அக்கர்மான் 1975இல் எடுத்த 'ழான் டீல்மான்' 201 நிமிடங்கள் ஓடுகிறது. ஒரு தாய் சமைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் கேமரா அசையாமல் நின்று பார்க்கிறது. அவளுடைய ஒழுங்குக்கு முதல் நாளிலேயே நம் கண் பழகிவிடுவதால்தான், இரண்டாம் நாளில் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோக, என்ன செய்வதென்று புரியாமல் பாத்திரத்தோடு அவள் வீட்டுக்குள் நடக்கையில் நமக்குப் பகீரென்கிறது. அந்தப் பதற்றத்தைத் தந்தது நீளம்தான். எனவே காட்சி நீள்கிறது என்று தோன்றினால், அது எதைக் கவனிக்க வைக்க முயல்கிறது, அந்த முயற்சி பலித்ததா என்று எழுத வேண்டும். எதையும் கவனிக்க வைக்காத வெறும் நீளமும் உண்டு. அதைக் குறையென்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது, சப்டைட்டிலைப் படித்துவிட்டு வசனத்துக்கே மதிப்பெண் போடுவது. கொரியப் படமான 'பாரசைட்'டில் (2019), மகள் தயாரித்த போலிச் சான்றிதழைப் பார்த்து வியக்கும் தந்தை, சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் போலி ஆவணத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறதா என்று கேட்கிறார்; ஆங்கில சப்டைட்டிலில் அது ஆக்ஸ்ஃபோர்டாக மாறியது. வெளிநாட்டுப் பார்வையாளருக்கு நகைச்சுவை உடனே எட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. அதை அறியாமல், கொரியர்களின் ஆங்கிலேய மோகத்தைப் படம் கிண்டலடிக்கிறது என்று ஒருவர் எழுதினால், இயக்குநர் சொல்லாத ஒன்றை அவர்மேல் ஏற்றியதாகிவிடும். மொழி தெரியாதபோது குரலின் ஏற்ற இறக்கம், மௌனம், உடல்மொழி ஆகியவற்றைப் பற்றி உறுதியாக எழுதலாம். சொற்தேர்வைப் பற்றி அடக்கமாக எழுதுவதே நேர்மை.

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அந்த நாடே இப்படித்தான் என்று முடிவு கட்டுவதும் இதே வகைப் பிழை. படம் ஒரு குடும்பத்தையோ ஒரு தெருவையோ காட்டுகிறது. முழு தேசத்தின் சாட்சியாக அதைக் கூண்டில் ஏற்றக் கூடாது.

எடுக்கப்பட்ட சூழலை அறியாமல் தீர்ப்பளிப்பது இன்னொரு தவறு. ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்கு 2010இல் 20 ஆண்டுகள் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்' பெரும்பாலும் அவருடைய வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அதைக் கற்பனை வறட்சி என்று எழுதினால் படத்தின் உயிர்நாடியையே தவறவிட்டதாகும். அதே வேளையில், கஷ்டப்பட்டு எடுத்தார்கள் என்ற இரக்கத்தில் பாராட்டை வாரி வழங்குவதும், விருது வாங்கியது என்பதற்காகத் தலையாட்டுவதும் விமர்சனம் ஆகாது. அந்த வீட்டுக்குள் பனாஹி, தம்மால் எடுக்க முடியாத படத்தின் அறைகளைக் கம்பளத்தின்மேல் டேப் ஒட்டி வரைந்து காட்டுகிறார். திரையில் அந்தக் காட்சி நம்மை என்ன செய்கிறது என்பதைத்தான் வாசகர் விமர்சகரிடம் கேட்கிறார்.