பிஎச்.டி.க்கு கைடு தேடும் முன்: அரசியல் அறிவியல் பேராசிரியர்கள் உண்மையில் எதை ஆராய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படி?

எம்.ஏ. முடித்துவிட்டு பிஎச்.டி.க்குத் தயாராகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த யூனிவர்சிட்டி நல்லா இருக்கும்?" என்பதுதான். யாரிடம் செய்யப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது. பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டத்தில் இருக்கும், சரி. ஆனால் அடுத்த நான்கைந்து வருடம் உங்கள் அத்தியாயங்களைப் படித்து, திருத்தி, "இந்த வாதம் நிற்காதே" என்று சொல்லப்போவது ஒரே ஒரு ஆள். அவர் எதை ஆராய்கிறார் என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது எப்படி என்றுதான் எழுதுகிறேன். உதாரணத்துக்கு டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் அதிகம் பேர் விசாரிப்பது ஜேஎன்யூவைப் பற்றித்தான், அங்கே குழம்புவதற்கும் நிறைய வழி இருக்கிறது.

துறையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பேராசிரியர் பெயருக்குக் கீழும் ஸ்பெஷலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி ஒரு வருடத்தை இழந்தவள் நான். ஊராட்சிகளில் பெண் தலைவர்களைப் பற்றி ஆராய ஆசைப்பட்டேன். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆனதே, அதன் பிறகு ஊருக்குள் உண்மையில் என்ன மாறியது என்பது என் கேள்வி. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரின் பெயருக்குக் கீழே "உள்ளாட்சி, அதிகாரப் பரவல்" என்று பார்த்ததும் வேறு எங்கும் விண்ணப்பிக்காமல் அவரை மட்டும் நம்பிப் போய் உட்கார்ந்தேன். நேர்முகத்தில் அவர் என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் உள்ளாட்சி பத்தி எழுதிப் பதினைஞ்சு வருஷம் ஆச்சும்மா, இப்ப பார்க்கிறது வெளியுறவுக் கொள்கை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பக்கத்தை யாரும் புதுப்பிக்கவே இல்லை, அவ்வளவுதான். நான் அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளின் தலைப்பையாவது பார்த்திருந்தால் டெல்லி ரயில் டிக்கெட் காசும் ஒரு வருடமும் மிஞ்சியிருக்கும்.

அதனால் முதல் வேலை, பேராசிரியர் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும். "மாநில சுயாட்சி" என்பது தலைப்பு. "1969-இல் திமுக அரசு அமைத்த ராஜமன்னார் குழுவின் பரிந்துரைகளை மற்ற மாநிலக் கட்சிகள் ஏன் சேர்ந்து தூக்கிப் பிடிக்கவில்லை?" என்பது கேள்வி. கேள்வி கையில் இருந்தால்தான் யாருடைய ஆய்வு உங்களுக்கு உதவும் என்று பார்க்கவே முடியும். இல்லாவிட்டால் எல்லாப் பேராசிரியரும் பொருத்தமானவர் போலவே தெரிவார்கள்.

அடுத்தது எந்தக் கதவைத் தட்டுவது என்பது. ஜேஎன்யூவில் அரசியலை ஆராய்பவர்கள் ஒரே துறையில் இல்லை. சமூக அறிவியல் புலத்தில் அரசியல் ஆய்வு மையம் இருக்கிறது, இந்திய அரசியல், அரசியல் சிந்தனை என்றால் பெரும்பாலும் அங்கே. சர்வதேசப் படிப்புகளுக்கு என்று தனிப் புலம் உண்டு. அது 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-இல் ஜேஎன்யூவோடு சேர்ந்தது, அதனால் அதற்கென்று ஒரு தனிப் பாரம்பரியம், தனி மையங்கள். சட்டம், ஆளுகை பற்றி இன்னொரு மையம். இலங்கைத் தமிழர் அரசியலை ஆராய நினைக்கும் ஒருவர் அரசியல் ஆய்வு மையத்தின் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு "யாருமே இல்லையே" என்று வருத்தப்பட்டார். சர்வதேசப் புலத்தில் தெற்காசிய ஆய்வு மையம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒப்பீட்டு அரசியலுக்கும் அரசியல் கோட்பாட்டுக்குமான மையமும் அந்தப் புலத்தில்தான் இருக்கிறது, பெயரைப் பார்த்து யாரும் அங்கே போய்த் தேட மாட்டார்கள். வேறு பல்கலைக்கழகங்களிலும் இப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் பொது நிர்வாகமும் ஒரே துறை, புதுச்சேரியில் அரசியலும் சர்வதேசப் படிப்புகளும் ஒரே துறை. ஒரு பல்கலையில் அரசியல் என்ற சொல் இருக்கும் எல்லாப் பலகைகளையும் எண்ணிவிட்டுத்தான் பட்டியல் போட வேண்டும்.

இப்போது அந்த ஸ்பெஷலைசேஷன் வரி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உடைத்துப் பார்க்க வேண்டும். "தலித் அரசியல்" என்ற ஒரே சொல்லின் கீழ் ஜேஎன்யூ அரசியல் ஆய்வு மையத்திலேயே இரண்டு பெரிய ஆய்வாளர்கள் இருந்தார்கள். சுதா பாய் உத்தரப் பிரதேசத்தில் பகுஜன் சமாஜ் கட்சி எப்படி வளர்ந்தது என்று கட்சி, தேர்தல், களம் என்ற வழியில் போனவர். கோபால் குரு அவமானம் என்ற அனுபவத்தையே ஒரு அரசியல் கருத்தாக எடுத்து ஆராய்ந்தவர். 2009-இல் அவர் தொகுத்த நூலே அவமானத்தைப் பற்றியதுதான். தலித் அனுபவத்தைப் பற்றிய கோட்பாட்டை யார் எழுதலாம் என்று தத்துவ அறிஞர் சுந்தர் சருக்கையோடு அவர் நடத்திய விவாதம் 2012-இல் புத்தகமாகவும் வந்தது. இரண்டும் தலித் அரசியல்தான். ஆனால் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தேர்தல் கூட்டணிகளை ஆராயும் மாணவர் முதலாமவரின் வேலையிலிருந்து கற்றுக்கொள்வது வேறு, இரட்டைக் குவளை முறை ஒரு மனிதரின் சுயமரியாதையை என்ன செய்கிறது என்று கேட்கும் மாணவர் இரண்டாமவரிடம் கற்றுக்கொள்வது வேறு. பட்டியலில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே சொல்!

மேலே சொன்ன மாநில சுயாட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்பாட்டுக்காரர் கையில் அது இறையாண்மையை எப்படிப் பகிர்வது என்ற கேள்வி. நிறுவனங்களை ஆராய்பவர் மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணை, ஆளுநர், நிதிக்குழு என்று போவார். கட்சிகளை ஆராய்பவருக்கு 1996-க்குப் பிறகு மாநிலக் கட்சிகள் மத்தியக் கூட்டணி அரசுகளில் உட்கார்ந்தபோது என்ன ஆனது என்பதுதான் முக்கியம். ஒப்பீட்டு அரசியல்காரர் கனடாவின் கியூபெக்கையும் ஸ்பெயினின் கேட்டலோனியாவையும் பக்கத்தில் வைப்பார். நால்வருடைய பக்கத்திலும் "கூட்டாட்சி" என்று எழுதியிருக்கும். உங்கள் ஒரு வாக்கியக் கேள்வி இந்த நால்வரில் யாருடைய மேசைக்குப் போகும் என்று நீங்களே சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயருக்காக யாரையும் தேடாதீர்கள். நாம் பத்திரிகைகளில் படித்துத் தெரிந்துகொண்ட பெயர்களில் பெரும்பாலானவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆள் இருந்தாலும் ஆர்வம் நகர்ந்திருக்கும், அதுவும் இயல்புதான். ஜேஎன்யூவில் இருந்த நீரஜா கோபால் ஜயால் 1999-இல் வெளியிட்ட நூல் இந்திய அரசு, நலத்திட்டம், மதச்சார்பின்மை, வளர்ச்சி பற்றியது. 2013-இல் வந்த பெரிய நூல் குடியுரிமையின் வரலாறு. இரண்டுக்கும் நடுவே இழை இருக்கிறது, ஆனால் பழைய நூலை மட்டும் படித்துவிட்டுப் போய் நின்றிருந்தால் பேச்சே வேறு திசையில் போயிருக்கும். எனவே கூகுள் ஸ்காலரில் பெயரைப் போட்டு, வருட வரிசையில் வைத்து, கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளை மட்டும் பாருங்கள். எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதியது, ஸ்டடீஸ் இன் இந்தியன் பாலிடிக்ஸ் போன்ற ஆய்விதழில் எழுதியது, இவற்றை எடுத்து முன்னுரையும் முடிவுரையுமாவது படியுங்கள். செய்தித்தாள் பத்திகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தேர்தல் நேரத்தில் எல்லாரும் எல்லாவற்றைப் பற்றியும் எழுதுவார்கள், அது ஆய்வுத்துறை ஆகாது.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது ஷோத்கங்கா. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேடுகளின் களஞ்சியம் அது, இலவசம், பாஸ்வேர்டு கூட வேண்டாம். அதில் நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் தலைப்புகள் வரிசையாக வரும். எட்டுத் தலைப்பில் ஆறு வெளியுறவு என்றால் அவர் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவரிடம் நடக்கும் வேலை அதுதான். அப்புறம் ஒரு ஆய்வேட்டைத் திறங்கள். தலைப்புப் பக்கம், சான்றிதழ், நன்றியுரை, ஒவ்வொரு அத்தியாயம் என்று தனித்தனி பிடிஎஃப்பாகக் கிடக்கும். நேராக நன்றியுரைக்குப் போங்கள். "என் மூன்றாம் அத்தியாயத்தை நான்கு முறை திருப்பி அனுப்பிய என் நெறியாளருக்கு" என்பது போல ஒரு வரி இருந்தால் அவர் படிக்கிறார் என்று அர்த்தம். ஒரு சம்பிரதாய வரி மட்டும் இருந்து, நன்றி முழுவதும் வேறொரு ஆசிரியருக்கும் நண்பர்களுக்கும் போயிருந்தால் அதையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் நன்றியுரையை வைத்து முடிவு கட்ட முடியாது, மூன்று நான்கு பேருடையதைப் படித்தால் ஒரு முகம் தெரியும். கடைசியாக நூற்பட்டியல். அங்கே திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்தான் அந்தப் பேராசிரியர் உட்கார்ந்திருக்கும் சபை. அந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட நீங்கள் படித்ததில்லை என்றால் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

முறையியலையும் பார்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் சர்வே எண்களோடு வேலை செய்கிறாரா, ஊரில் தங்கிப் பேசி எழுதுகிறாரா, ஆவணக் காப்பகத்தில் கோப்புகளைப் புரட்டுகிறாரா, நூல்களை வாசித்து வாதம் செய்கிறாரா? வாக்காளர் நடத்தையை ஆராய வேண்டும் என்றால் டெல்லியில் இருக்கும் சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதி பிரிவு நடத்தும் தேசியத் தேர்தல் ஆய்வுகளின் தரவு உங்களுக்கு வேண்டும், அதை ஆர் (R), ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பார்க்கத் தெரிந்த கைடும் வேண்டும். திராவிட இயக்க இதழ்களை வைத்து எழுதப் போகிறவருக்கு சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மாதக்கணக்கில் உட்கார அனுமதிக்கும் கைடு வேண்டும். தமிழ் தெரியாத நெறியாளர் தமிழ் ஆதாரங்களை மதிப்பிட முடியுமா என்று கேட்பார்கள். முடியும், மொழிபெயர்த்துக் கொடுக்க நீங்கள் தயாராக இருந்தால். ஆனால் எண்ணை நம்பாத ஒருவரிடம் போய் எண்களை வைத்து ஆய்வேடு எழுதுவது இரண்டு பேருக்குமே வேதனை.

இடக் கணக்கு சுருக்கமாக. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரை, இணைப் பேராசிரியர் 6 பேரை, உதவிப் பேராசிரியர் 4 பேரை மட்டுமே வழிநடத்தலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு வயது 65, ஆக 62 தாண்டியவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2017-இல் ஜேஎன்யூவில் ஆய்வு இடங்கள் சடாரென்று குறைந்து பெரிய போராட்டம் நடந்ததே, அதற்குக் காரணமும் இப்படி ஒரு தலைக்கணக்குதான். அதனால் இளம் உதவிப் பேராசிரியர்களைக் கட்டாயம் பாருங்கள். அவர்களுடைய ஆய்வு சூடாக இருக்கும், சமீபத்திய விவாதம் தெரியும், உங்களுக்கு நேரமும் ஒதுக்குவார்கள் என்பது என் அனுபவம்.

பட்டியல் மூன்று நான்கு பேராகச் சுருங்கியதும் மெயில் எழுதுங்கள். "மரியாதைக்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில் பிஎச்.டி. செய்ய விரும்புகிறேன், சிவி இணைத்துள்ளேன்" என்று எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்பாதீர்கள், அதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள் என்றாலும் சாரம் இப்படி இருக்கட்டும்: "மேடம், நான் இன்ன கல்லூரியில் எம்.ஏ. முடித்தவள். ஊராட்சித் தலைவியாகத் தேர்வான பெண்கள் இரண்டாம் முறை ஏன் நிற்பதில்லை என்பது என் கேள்வி. கிராம சபை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் கலந்துகொள்வதையும் முடிவெடுப்பதையும் பிரித்துக் காட்டியிருந்தீர்கள், அந்தப் பிரிவு என் கேள்விக்கு உதவுகிறது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் சுழற்சி முறையில் இட ஒதுக்கீடு மாறுவதும் ஒரு காரணமாகத் தெரிகிறது. இந்த வருடம் புதிய மாணவர்களை எடுக்கிறீர்களா?" இவ்வளவுதான், பத்து வரிக்குள். ஆய்வுத் திட்டத்தை அவர் கேட்டால் அனுப்புங்கள். பாராட்டு வேண்டாம், அவர் எழுதியதில் எது உங்களுக்குப் பயன்பட்டது, எங்கே உங்களுக்குச் சந்தேகம் என்று சொன்னாலே போதும்.

மெயில் போட்ட கையோடு அவரிடம் இப்போது ஆய்வு செய்கிற ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், நம் ஊர்ப் பிள்ளை ஒருவராவது அந்த வளாகத்தில் இருப்பார். சார் எப்படி என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக அத்தியாயம் கொடுத்தது எப்போது, திரும்பி வர எத்தனை நாள் ஆனது, எந்தத் தலைப்பை அவர் வேண்டாம் என்றார், இந்த மூன்றைக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் மெயிலுக்குப் பதில் வராவிட்டால் இன்னொரு முறை சுருக்கமாக எழுதுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் மனதைத் தளரவிடாமல் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள். விண்ணப்பத் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.